பழுப்பும் பச்சையும்

அவளுக்கு இரண்டு அப்பாக்கள். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருவர் அவளைப் பெற்றவர், மற்றவர் அவள் கணவனைப் பெற்றவர். இரண்டு பேருமே பூஞ்சை ஆராய்ச்சியாளர்கள். ஒரே நிறுவனத்தில், ஒரே மாடியில், எதிரெதிர் அறைகளில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டிவிட்டு, ஒரே மாதத்தில் ஓய்வு பெற்றவர்கள். அத்தனை வருஷமும் அவர்களுக்குள் ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. ஓய்வு பெற்ற பிறகு சண்டைக்கு நேரம் தாராளமாகக் கிடைத்தது.

சண்டை இதுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருவரும் ஒரே காட்டுப் பயணம் போனார்கள். திரும்பி வந்த சில மாதங்களில் அப்பா ஒரு புதிய பூஞ்சையை அறிவித்தார். பட்டுப்போன மரக்கட்டையின் மேல் கடுகளவு திண்டுகளாக முளைப்பது, நிறம் பழுப்பு. மாமனாரும் சும்மா இருக்கவில்லை. அவரும் ஒன்றை அறிவித்தார். பட்டுப்போன கட்டையின் மேல் பொடி தூவினாற்போல் படர்வது, நிறம் பச்சை. இரண்டு கட்டுரைகளும் ஒரே பத்திரிகையில், ஒரே இதழில் வெளிவந்தன. அப்பாவுடையது நாற்பத்தோராம் பக்கம், மாமனாருடையது நாற்பத்தேழாம் பக்கம். அந்த ஆறு பக்கத்தை அப்பா முப்பத்தாறு வருஷமாகச் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டு பூஞ்சைகளுக்கும் முழ நீளத்துக்குப் பெயர்கள் உண்டு. வீட்டில் யாருக்கும் அவை வாயில் நுழையாது. பழுப்பு, பச்சை, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை தோறும் இரண்டு குடும்பமும் ஒன்றாகச் சாப்பிடும். கை கழுவிவிட்டு உட்கார்ந்ததுமே அப்பா ஆரம்பிப்பார். பழுப்பு நின்று நிதானமாக வளரும், தனக்கென்று ஓர் உருவம் வைத்திருக்கும், கண்ட இடத்திலும் பரவி மானத்தை வாங்காது என்பார். மாமனார் தண்ணீரைக் குடித்துவிட்டு, பச்சை சுறுசுறுப்பானது, ஒன்பதே நாளில் வேலையை முடித்துவிடும், சில பேர் மாதிரி மாதக்கணக்கில் ஒரே இடத்தில் குந்திக்கொண்டிருக்காது என்பார். பூஞ்சையைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று மேஜையில் இருந்த ஒருவரும் நம்பவில்லை.

இப்படிப்பட்டவர்கள் சம்பந்தி ஆனது எப்படி என்றால், அதுவும் பூஞ்சையால்தான். நிறுவனத்தின் ஆண்டுக் கூட்டத்தில் இருவரும் மேடையேறி விவாதம் பண்ணப்போக, அது இரண்டு மணி நேரம் இழுத்துக்கொண்டு போனது. அப்பாக்களை வீட்டுக்கு அழைத்துப் போகக் காத்திருந்த மகளும் மகனும் கடைசி வரிசையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் மாட்டிக்கொண்டார்கள். மகன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். பூஞ்சை என்றால் பத்தடி தள்ளி நிற்பான். அந்த ஒரு குணத்துக்காகவே அவளுக்கு அவனைப் பிடித்துப்போனது. ஆனால் அவளே அந்த நிறுவனத்தின் மாதிரிக் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தது தலையெழுத்து என்றுதான் சொல்ல வேண்டும்.

காப்பகம் நிறுவனத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. இரும்பு அலமாரிகள், அலமாரிக்குள் அட்டைப்பெட்டிகள், பெட்டிக்குள் மடித்த காகித உறைகள், உறைக்குள் காய்ந்துபோன பூஞ்சைகள். எங்கும் பூச்சி உருண்டை வாசனை. ஒரு புதுப் பூஞ்சையை முதலில் அறிவித்தவர் எந்தத் துண்டைப் பார்த்து எழுதினாரோ அதற்கு மூலமாதிரி என்று பெயர். அதைச் சிவப்புப் பட்டை ஒட்டிய உறையில் வைப்பார்கள். பழுப்பின் மூலமாதிரி முதல் அறையிலும், பச்சையின் மூலமாதிரி நான்காவது அறையிலும் இருந்தன. இரண்டையும் ஒரே நேரத்தில் வெளியே எடுக்கக் கூடாது என்று ஒரு பழைய உத்தரவு சுவரில் தொங்கியது. ஒன்றன் தூசி மற்றதன் மேல் பட்டுவிடுமாம். உத்தரவின் கீழே அப்பாவும் மாமனாரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அவர்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்ட ஒரே காகிதம் அது.

நிறுவனம் புதிய பட்டியல் ஒன்று தயாரித்தது. அதற்காக இரண்டு பூஞ்சைகளையும் ஒப்பிட்டு ஒரு குறிப்பு எழுதும் வேலையை இயக்குநர் அவள் தலையில் கட்டினார். தான் இரண்டு பேருக்கும் உறவு, இது முறையாக இருக்காது என்று அவள் சொல்லிப் பார்த்தாள். இயக்குநர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ரெண்டு பக்கமும் உறவு இருக்கிறவங்களால ஒரு பக்கமா சாய முடியாது, அதனாலதான் உங்ககிட்டக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த கோப்பை எடுத்துக்கொண்டார்.

அவள் இரண்டையும் மரபணுச் சோதனைக்கு அனுப்பினாள். அறிக்கை வந்தது. அறுநூற்றுச் சொச்சம் மரபணு எழுத்துகள். மேல் வரிசை பழுப்பு, கீழ் வரிசை பச்சை. ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஒரே மாதிரியை இரண்டு குழாயிலும் போட்டுத் தொலைத்துவிட்டோம் என்றுதான் அவள் நினைத்தாள். தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி அனுப்பினாள். மறுபடியும் அதே. குளிர்ப்பெட்டியில் பழுப்பின் உயிருள்ள வளர்ப்பு ஒன்று இருந்தது. அதிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒரு கண்ணாடித் தட்டில் இட்டு இளஞ்சூட்டில் வைத்தாள். ஒன்பதாம் நாள் காலையில் மூடியைத் திறந்து பார்த்தால், தட்டு முழுக்கப் பச்சைப்பசேலென்று பொடி.

பழுப்பும் பச்சையும் இரண்டு இல்லை, ஒன்று. குளிரில் திண்டு கட்டும், சூட்டில் பொடியாகும். ஒரே ஆள் கோட்டு போட்டால் ஒரு பெயர், சட்டை போட்டால் ஒரு பெயர் என்று வைத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் பூஞ்சை உலகத்தில் இதற்கு அனுமதி இருந்தது. ஒவ்வொரு கோலத்துக்கும் தனிப்பெயர் வைத்துக்கொள்ளலாம். பிறகு விதி மாறிவிட்டது. ஒரு பூஞ்சைக்கு ஒரே பெயர். முதலில் அச்சில் வந்தது நிற்கும், மற்றது அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒடுங்கிவிடும்.

முதலில் வந்தது எது என்று பார்த்தால், இரண்டும் ஒரே இதழ், ஒரே தேதி. பக்க எண்ணை விதி மதிப்பதில்லை. அப்படியானால் என்ன செய்வது என்று விதிப்புத்தகத்தைப் புரட்டினாள். இரண்டும் ஒன்றுதான் என்று முதன்முதலில் எழுதுகிறவர் எந்தப் பெயரைத் தேர்ந்தெடுக்கிறாரோ அதுவே நிற்கும் என்று போட்டிருந்தது. புத்தகத்தை மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தாள். அதேதான் போட்டிருந்தது. ஆக, இரண்டு அப்பாக்களில் ஒருவரை அவள் கையாலேயே சின்ன எழுத்தாக்க வேண்டும். ஆயுளில் ஆளுக்கு ஒரே ஒரு கண்டுபிடிப்பு. வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் முகத்திலும் விழித்துச் சாப்பிட வேண்டும். பெற்ற அப்பாவை இறக்கினால் பிறந்த வீட்டுக்குப் போகும்போது கால் கூசும். மாமனாரை இறக்கினால் இருக்கிற வீட்டிலேயே கால் கூசும்.

கணவனிடம் சொன்னாள். அவன் கடையில் ஒருவருக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தான். ஒரு வில்லையைப் போட்டு, இது தெளிவா இருக்கா என்று கேட்டான். அதை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டு, இல்ல இதுவா என்று கேட்டான். வந்தவர் ரெண்டும் ஒண்ணுதான் என்றார். அப்ப உங்களுக்கு எது பிடிச்சிருக்கோ அதைப் போட்டுக்குங்க என்று அவன் சொல்லிவிட்டு, அவளைப் பார்த்துச் சிரித்தான். அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த வில்லைப் பெட்டியைத் தூக்கிப் போட்டு உடைத்திருப்பாள்.

அன்று சாயங்காலமே அவன் தன் அம்மாவிடம் உளறிவிட்டான். மாமியார் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மருமகளிடம் வந்தாள். இதோ, புருஷனுக்குப் பரிந்து பேசப் போகிறாள் என்று மருமகள் மனதைத் திடப்படுத்திக்கொண்டாள்.

"உங்கப்பா வச்ச பேரையே எழுதிடு" என்றாள் மாமியார்.

"ஏன் அத்தை?" என்றாள் அவள்.

"உங்கப்பா அதுக்கு உங்கம்மா பேரை வச்சாரு. ஆசையா வச்சாரு. உன் மாமனார் என்ன பேரு வச்சாரு தெரியுமா? பச்சைங்கிறதுக்கு லத்தீன்ல என்னவோ, அது. எதிர் அறைக்காரருக்குத் தோணினது இவருக்குத் தோணலை பாரு. முப்பத்தாறு வருஷமா அதை நினைச்சுக்கிட்டேதான் அவருக்குப் பரிமாறுறேன். தோத்தாத்தான் அவருக்கு உறைக்கும்."

மறுநாள் விஷயம் அம்மாவுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. சம்பந்தியம்மாக்கள் இருவருக்கும் இடையே பூஞ்சைச் சண்டை எதுவும் கிடையாது, செய்தி பறக்கும். அம்மா தொலைபேசியில் குரலைத் தாழ்த்திப் பேசினாள். அவள் கேட்டது நேர் எதிர். அழுகின கட்டையில் வளர்கிற ஒன்றுக்குத் தன் பெயரை வைத்ததை அம்மா இன்னும் மன்னிக்கவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் ரோஜாவுக்குப் பெயர் வைக்கிறார்கள், எனக்கு மட்டும் இது என்றாள். எப்படியாவது அந்தப் பெயரைச் சின்ன எழுத்தாக்கிவிடு, உனக்குப் புண்ணியமாப் போகும் என்றாள். ஆக, இரண்டு வீட்டு எஜமானிகளும் சொந்தப் புருஷனுக்கு எதிராகவே நின்றார்கள். இருதலைக்கொள்ளி எறும்புக்காவது இரண்டு பக்கம்தான் நெருப்பு. இவளுக்கு நாலு பக்கமும்.

வியாழக்கிழமை ஒரு வேலை பாக்கி இருந்தது. இரண்டு மூலமாதிரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே படமாக எடுத்துக் குறிப்போடு இணைக்க வேண்டும். அவள் சுவரில் தொங்கிய உத்தரவைப் பார்த்தாள். பூஞ்சையே ஒன்றாகிவிட்ட பிறகு எதன் தூசி எதன் மேல் பட்டால் என்ன? முதல் அறைக்கும் நான்காவது அறைக்கும் போய் இரண்டு உறைகளையும் எடுத்து வந்து, விளக்கின் கீழே வெள்ளை அட்டையில் பிரித்தாள்.

அப்பாவுடையது விரல் நீளக் கட்டை. மாமனாருடையது ஒரு சாண் நீளம். அளவுகோலை வைப்பதற்காக இடுக்கியால் சின்னதைக் கொஞ்சம் திருப்பினாள். சின்னக் கட்டையின் ஓரத்தில் பாதிக் கணு இருந்தது. பெரிய கட்டையின் ஓரத்திலும் பாதிக் கணு. மெல்ல நகர்த்திச் சேர்த்தாள். கணு முழுசாயிற்று. பெரிய கட்டையில் ஒரு வண்டு குடைந்த பாதை வளைந்து வந்து, சின்னக் கட்டைக்குள் புகுந்து வெளியேறியது. கோணல்மாணலாக உடைந்த விளிம்பு, பல்லோடு பல் சேர்ந்து உட்கார்ந்தது. நடுவில் தாள் நுழையாது.

ஒரே மரம் மட்டும் இல்லை, ஒரே கட்டை. யாரோ கையால் உடைத்திருக்கிறார்கள். ஆனால் அப்பாவின் கட்டுரையில், சக ஆய்வாளர் எடுத்த இடத்திலிருந்து நூறடி தள்ளி, வேறொரு கட்டையில் தானே கண்டெடுத்தது என்று தெளிவாக எழுதியிருந்தது. அதை அவள் மனப்பாடமாகச் சொல்வாள். சின்ன வயதில் கதைக்குப் பதில் அதைத்தான் அப்பா சொல்லித் தூங்கவைத்தார். அப்பா பொய் எழுதுவார் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

யோசித்துப் பார்த்ததில் ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை காலை இரண்டு பேரையும் காப்பகத்துக்கு வரச் சொன்னாள். மூலமாதிரியை வீட்டுக்கு எடுத்துப் போக முடியாதே. இரண்டு பேரை வரச் சொன்னால் நாலு பேர் வந்தார்கள். வாசல் காவலாளி வருகைப் பதிவேட்டை நீட்டினார். காரணம் என்ற கட்டத்தில் அப்பா 'ஆய்வு மேற்பார்வை' என்று எழுதினார். மாமனார் அதை எட்டிப் பார்த்துவிட்டு, 'மேற்பார்வையைச் சரிபார்க்க' என்று எழுதினார். அம்மாவும் மாமியாரும் 'துணைக்கு' என்று எழுதினார்கள்.

அவள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். மரபணு அறிக்கையைக் காட்டினாள், பச்சையாகிப்போன பழுப்பின் தட்டைக் காட்டினாள். இருவரும் மாறி மாறி லென்ஸில் பார்த்தார்கள். அப்பா தட்டைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்தார். தப்பு சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. ஆனாலும் நாற்பத்தோராம் பக்கம் முதலில் வருகிறது என்று அவர் ஆரம்பித்தபோது, அவள் இரண்டு கட்டைகளையும் விளக்கின் கீழே நகர்த்திச் சேர்த்தாள்.

அப்பா முகத்தில் ஈயாடவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மாமனாரின் முகத்தில் ஆச்சரியம் கொஞ்சமும் இல்லை என்பதை அவள் கவனித்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மாமா, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டாள்.

பதில் சொன்னது அப்பா.

அந்தப் பயணத்தில் நாலு நாள் அலைந்தும் அப்பாவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வெறுங்கையோடு திரும்பினால் மேலதிகாரி முகத்தில் எப்படி விழிப்பது என்று கலங்கிப்போய், கடைசி நாள் காலெல்லாம் அட்டை கடித்த ரத்தத்தோடு ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். மாமனார் மேலேயிருந்து இறங்கி வந்தார். கையில் இருந்த கட்டையை முழங்காலில் வைத்து இரண்டாக உடைத்தார். இதில் ஏதோ இருக்கிற மாதிரி தெரிகிறது, நீங்களும் பாருங்கள் என்று ஒரு துண்டைக் கொடுத்துவிட்டு நடந்துபோனார். அப்பா தன் துண்டை வீட்டில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் குளிர்ச்சியாக வைத்தார், பழுப்பு வந்தது. மாமனார் தன்னுடையதை அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் வைத்தார், பச்சை வந்தது. இரண்டும் வேறு வேறு என்றுதான் இரண்டு பேருமே மனசார நம்பினார்கள். ஆனால் அடுத்தவர் கொடுத்த கட்டை என்று எழுத அப்பாவுக்கு மனம் வரவில்லை. நூறடி தள்ளி என்று எழுதிவிட்டார். எழுதியதைச் சொல்லிச் சொல்லி, ஒரு கட்டத்தில் அவரே நம்பிவிட்டார்.

"அந்த நூறடியை அச்சுல படிச்சப்பவே நீங்க கேட்டிருக்கலாமே, சம்பந்தி" என்றார் அப்பா. "அறுபத்திரண்டு கூட்டத்துல சண்டை போட்டோம். ஒரு தடவை சொல்லியிருந்தா நான் அங்கேயே காலியாகியிருப்பேன்."

மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"பூஞ்சையில தப்பு இருந்தா நான் கேட்பேன். இது பூஞ்சை இல்லையே. கொடுத்ததை எப்படிங்க சொல்லிக் காட்டுறது?"

மாமியார் தன் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தாறு வருஷமாக இந்த மனுஷன் எதையெல்லாம் வீட்டில் கொட்டியிருக்கிறார், இதை மட்டும் எங்கே வைத்திருந்தார் என்ற கேள்வி அவள் கண்ணில் இருந்தது. மருமகளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பாவின் மேல் நேற்றிலிருந்து இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கையுறை போட்டிருந்ததால் சும்மா இருந்தாள்.

"எழுதும்மா" என்றார் அப்பா. "பச்சைன்னே எழுது. கட்டை அவருது."

"அதெப்படி?" என்றார் மாமனார் சட்டென்று. "நாற்பத்தோராம் பக்கம் முதல்ல வருதில்ல?"

"பக்கத்துக்கு விதியில இடமே கிடையாது, சம்பந்தி. இதுகூடத் தெரியாமலா முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்தீங்க?"

"விட்டுக்கொடுக்கிறதுக்கு நீங்க யாரு? தேர்ந்தெடுக்கிறது அவ."

பழைய சண்டை அப்படியே இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. இப்போது பச்சையின் நற்குணங்களை அப்பா அடுக்கினார், பழுப்பின் நிதானத்தை மாமனார் புகழ்ந்தார். குரல் உயர்ந்தது. பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, இவர்கள்தானா என்று போய்விட்டார். அவள் இதற்கு மேல் காத்திருந்தால் மூன்றாம் தலைமுறைதான் கையெழுத்துப் போட வேண்டும் என்று உணர்ந்து, கையுறையைக் கழற்றிவிட்டுக் குறிப்பை எடுத்தாள். அப்பா தன் வாயால் கேட்டதை எழுதினாள். அவர் வாழ்க்கையில் மாமனாரிடம் கொடுத்த முதல் பொருள் அது. அதைத் தடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. நிற்கும் பெயர் பச்சை. அதன் கீழே, சின்ன எழுத்தில், பழுப்பு. இரண்டு மூலமாதிரிகளும் ஒரே கட்டையின் துண்டுகள் என்றும், கட்டையைக் கண்டெடுத்தவர் இன்னார், பகிர்ந்துகொடுத்ததும் அவரே என்றும் ஒரு வரி சேர்த்தாள். அப்பா அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

மாமியார் பெருமூச்சு விட்டாள். கடைசியில் இந்த மனுஷன் ஜெயித்துவிட்டாரே என்ற வருத்தம் அதில் பாதிதான் இருந்தது. அம்மாவோ, அத்தனை நாள் அந்தப் பெயர் போய்த் தொலையட்டும் என்றவள், மகள் பக்கம் சாய்ந்து, சின்ன எழுத்து என்றால் எவ்வளவு சின்னது, கண்ணாடி போட்டால் தெரியுமா என்று கேட்டாள்.

அவள் இரண்டு கட்டைகளையும் ஒரே பெட்டியில், பஞ்சு வைத்து, கணு சேரும்படி பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். மூடியைப் போடப்போகும்போது அப்பா கையை நீட்டித் தடுத்தார். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"எல்லாம் சரி, சம்பந்தி" என்றார். "ஆனா எனக்குச் சின்னத் துண்டைத்தானே கொடுத்தீங்க."

"அட்டை கடிச்ச காலோட உட்கார்ந்திருந்தீங்க" என்றார் மாமனார். "பெரிசைக் கொடுத்தா யாரு தூக்கிட்டு நடக்கிறது?"